சுவரில் ஓதமா? பெயிண்டரைக் கூப்பிடும் முன் புல்தரையைப் பாருங்கள்

சுவரின் அடிப்பக்கம் பெயிண்ட் உப்பி நிற்கிறது. நகத்தால் லேசாகக் கீறினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இதைப் பார்த்ததும் நம்மில் பலர் போன் போடுவது பெயிண்டருக்குத்தான். அவரும் வந்து சுரண்டி, பட்டி பார்த்து, ஓதம் தாங்கும் என்று ஒரு டப்பாவைக் காட்டி இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடம் மறுபடி உப்பும். பெயிண்டர் மேல் தப்பில்லை. தனி வீடுகளில் கீழ்ச்சுவர் ஓதத்துக்குக் காரணம் பல நேரம் சுவருக்கு வெளியே, நாம் ஆசையாக வளர்க்கும் புல்தரையில்தான் இருக்கிறது. சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மழை குறைவான ஊர்க்காரர்களுக்கும் முறை ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்த நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள். மெயின் பெட்டி இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் நீங்கள் கிட்டப் போகவும் வேண்டாம். நனைந்த மோட்டாரைக் காயவைத்துச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

1. ஈரம் எங்கிருந்து வருகிறது?

உயரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை, சுவரின் நீளத்துக்குப் பட்டையாக ஓடினால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். நடுச்சுவரில் திட்டாக இருந்து, அதற்குப் பின்பக்கம் பாத்ரூமோ சமையலறையோ இருந்தால் குழாய்க் கசிவு. மேலிருந்து இறங்கினால் மொட்டைமாடி அல்லது ஜன்னல் சன்ஷேடு.

குழாய்க் கசிவு என்று சந்தேகமா? இரவு எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பல வீடுகளில் ஃப்ளஷ் தொட்டியே குற்றவாளியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

இன்னொரு எளிய சோதனை: சமையலறை அலுமினியத் தாளில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, ஓதம் உள்ள இடத்தில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது காற்றோட்டம் இல்லாத அறையின் புழுக்கம். ஜன்னலைத் திறந்தாலே பாதி சரியாகும், கீழே உள்ள வேலை எதுவும் தேவைப்படாது.

மழைக்காலத்தில் அதிகமாகி, மாசியில் குறைந்து, கோடையில் புல்லுக்குத் தண்ணீர் விடும்போது மறுபடி தலைகாட்டும் ஓதம் என்றால் மேலே படியுங்கள்.

2. வாட்டம் (சரிவு) பார்த்தல்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மண் எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, புல் இருந்தால் சுத்தமாக முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். உள்ளே தெரியும்படியான மெல்லிய பிளாஸ்டிக் குழாய் 20 அடி வாங்குங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வேண்டியது ஓர் இன்ச் டேப், ஒரு குச்சி, கூட ஓர் ஆள்.

குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு முனையிலும் அரை அடி காலியாக இருக்கட்டும். நடுவில் காற்றுக் குமிழி நின்றால் அளவு பொய் சொல்லும், அதனால் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். சுவரிலிருந்து 10 அடி தள்ளிக் குச்சியை நடுங்கள். தரையிலிருந்து 24 அங்குல உயரத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டு, குழாயின் ஒரு முனையில் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும்படி பிடியுங்கள். கூட இருப்பவர் மறுமுனையைக் குச்சியோடு சேர்த்துப் பிடிக்கட்டும். ஆட்டம் நின்றதும் தண்ணீர் மட்டத்தைக் குச்சியில் குறித்து, அங்கிருந்து கீழே மண்வரை அளக்கச் சொல்லுங்கள்.

குச்சியில் 22 அங்குலம் வந்தால் அங்கே மண் 2 அங்குலம் மேடு. பெய்யும் மழை அத்தனையும் உங்கள் சுவரைத் தேடி வருகிறது என்று அர்த்தம். 24 வந்தால் சமமட்டம், அதுவும் போதாது. வர வேண்டியது 30. அதாவது சுவரிலிருந்து 10 அடிக்கு 6 அங்குலம் வெளிப்பக்கம் இறக்கம். பக்கவாட்டில் 5 அடிதான் இடம் என்றால் 3 அங்குலம்.

கையோடு இன்னொன்றையும் அளந்துவிடுங்கள்: வீட்டுக்குள் இருக்கும் தரைமட்டத்தைவிட வெளி மண் அரை அடியாவது கீழே இருக்க வேண்டும், ஓர் அடி இருந்தால் நிம்மதி. கட்டும்போது எல்லா வீட்டிலும் இருந்திருக்கும். அப்புறம் புல் போட வந்தவர் ஒரு லோடு செம்மண் கொட்டியிருப்பார், அடுத்த வருடம் புல் திட்டுத் திட்டாகக் காய்ந்ததென்று இன்னொரு லோடு. பேஸ்மட்டம், அதாவது மண்ணுக்கு மேலே வீட்டுத் தரைவரை தெரியும் அடிக்கட்டு, மெல்ல மண்ணுக்குள் போய்விடும். ஈரம் மேலே ஏறாமல் இருக்கப் பேஸ்மட்டத்தில் கொத்தனார் கொடுத்த தடுப்புப் பூச்சுக்கு மேலேயே மண் ஏறிவிட்டால், அந்தப் பூச்சு இருந்தும் இல்லாத கணக்கு. தெருவையும் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு உயர்த்தினால், வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கும் நிலைக்கு வந்துவிடுகிறோம். தெருவை நாம் இறக்க முடியாது, தோட்டத்தை இறக்கலாம்.

3. மாடித் தண்ணீரை அப்புறப்படுத்துங்கள்

1000 சதுர அடி மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். மாடிக் குழாய் சுவரோரம் மண்ணில் வந்து முடிந்தால், அந்த லாரியை அஸ்திவாரத்தின் மேலேயே திறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டதால் பல வீடுகளில் குழி இருக்கும். அது சுவரை ஒட்டி இருக்கிறதா, தூர் வாரி எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். குழாயை எல்போ போட்டு நீட்டி, முடிந்தால் சுவரிலிருந்து 10 அடி தள்ளிக் குழிக்கோ, சம்புக்கோ கொண்டுபோங்கள். சம்புக்கு என்றால் நடுவில் வடிகட்டி வேண்டும். மழைத் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் மட்டும் விடவே கூடாது. பெரிய மழையில் மேன்ஹோல் பொங்கி, கழிவு நம் வீட்டுக்கே திரும்பும்.

4. மண்ணை இறக்குதல்

மழைக்காலம் முடிந்து, மண் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்தபின் ஆரம்பியுங்கள். தை பிற்பகுதி நல்ல நேரம்.

புல்லைத் தூக்கிப் போட வேண்டாம். மண்வெட்டியால் ஓர் அடிச் சதுரங்களாகக் கீறி, வேரோடு இரண்டு அங்குல மண் ஒட்டியிருக்கும்படி பெயர்த்து, நிழலில் ஈரச் சாக்கின் மேல் அடுக்குங்கள். ஓரிரு நாளுக்குள் திரும்பப் பதித்துவிட வேண்டும், அதனால் மொத்தத் தோட்டத்தையும் ஒரே நாளில் கிளறாமல் பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

அப்புறம் மண்ணை வெட்டி எடுத்து, சுவரிலிருந்து வெளிப்பக்கம் வாட்டம் வரும்படி நூல் கட்டி நிரவுங்கள். பேஸ்மட்டம் வெளியே நன்றாகத் தெரிகிற வீடாக இருந்தால் சுவரோரம் மண் சேர்த்தும் வாட்டம் கொண்டுவரலாம். ஏற்கெனவே புதைந்த வீட்டில் மண்ணை எடுத்தே ஆக வேண்டும். எடுக்கிற சாக்கில் அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகத் தோண்டிவிடாதீர்கள். அரை அடிக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் ஒரு பொறியாளரிடமோ அனுபவமுள்ள கொத்தனாரிடமோ காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்குப் புல்லே வேண்டாம். சுவர்வரை பச்சை இருந்தால் அழகுதான், ஆனால் புல்லுக்கு விடும் தண்ணீரை தினமும் சுவரும் குடிக்கும், கரையானுக்கும் மறைவு கிடைக்கும். அந்த இடத்தில் வாட்டமாகச் சிமெண்ட் தளம் போட்டு, சுவரும் தளமும் சேரும் இடுக்கை அடைத்துவிடுவது என் சிபாரிசு. சிலர் வெறும் கூழாங்கல் கொட்டுவார்கள். கல்லுக்குக் கீழே மண் வாட்டமாக இல்லாவிட்டால் அது மூடிவைத்த குட்டைதான்.

5. அப்படியும் தண்ணீர் நின்றால்

முதலில் மண் எப்படி என்று பாருங்கள். ஓர் அடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் களிமண். மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் பெரும்பாலும் இதுதான். திருவான்மியூர், அடையாறு மாதிரி கடலோர மணல் பகுதியில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இருக்காது.

களிமண்ணில் ஜல்லி வாய்க்கால் உதவும். சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். 8 அடிக்கு ஓர் அங்குலமாவது அடியில் வாட்டம் வேண்டும். ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, இரண்டு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டு, துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடி, மெல்லிய மணல் போட்டுப் புல் பதிக்கலாம். துணியில் காசு மிச்சம் பிடித்தால் களிமண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். குழாயின் மறுமுனை போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்: சேகரிப்புக் குழி, இல்லையென்றால் தெருவோர மழைநீர் வடிகால். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் திருப்பிவிட்டுச் சண்டை வளர்க்காதீர்கள்.

6. இப்போதுதான் சுவர்

உப்பிய பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். மண்ணை இறக்கியபின் சுவர் காய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். சித்திரை வெயிலை அதற்கு விட்டுவைத்து, அலுமினியத் தாள் சோதனையை மறுபடி செய்து, உலர்ந்த பிறகு பூசுங்கள். அவசரப்பட்டு வாட்டர்ப்ரூஃப் பெயிண்டால் மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.

கறுப்புப் பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுபவர்கள், அதோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. வருவது விஷ வாயு. மழையில் ஊறிய மரக்கதவு மூடவில்லை என்று உடனே இழைக்காதீர்கள். காய்ந்தால் தானாகச் சுருங்கும், இழைத்திருந்தால் சந்து விழும்.

7. தண்ணீரில் நின்ற புல்லைத் தேற்றுதல்

2015, 2023 டிசம்பர் மாதிரி நாள்கணக்கில் தண்ணீர் நின்றாலும் எல்லாப் புல்லும் செத்துவிடாது. அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடா நன்றாகத் தாங்கும், கொரியன் கிராஸ் அவ்வளவு தாங்காது. மஞ்சளானதைப் பார்த்ததும் பெயர்த்துப் போடாதீர்கள். ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் பிழைக்கும். வழவழவென்று கையோடு வந்து நாறினால் போயிற்று.

வடிந்ததும் மேலே படிந்த வண்டலை, காய்ந்து இறுகுமுன் தள்ளுகட்டையால் மெதுவாக வழித்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்வரை மேலே நடமாட்டம் கூடாது, மிதித்தால் மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது. மண் கொஞ்சம் ஆறியதும் தோட்ட முள்கரண்டியால் நான்கு அங்குல இடைவெளியில் குத்திக்கொண்டே போய், ஆற்று மணலும் சலித்த மக்கிய எருவும் கலந்து மெல்லிசாகத் தூவிக் குச்சி விளக்குமாறால் கூட்டிவிடுங்கள். யூரியா இப்போது வேண்டாம். புதுத் தளிர் வந்தபின் கொடுக்கலாம்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்த்து இறங்கச் சிரமப்பட்டால் விட்டால் போதும். மாலையில் விட்டால் இரவெல்லாம் இலை ஈரமாக நின்று பூஞ்சை பிடிக்கும். ஸ்ப்ரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் அது சுற்றும்போது சுவரை நனைக்கிறதா என்று நின்று பாருங்கள். ஏசி தண்ணீர் சொட்டும் குழாயையும் அப்படியே பின்தொடர்ந்து போய், எங்கே முடிகிறது என்று பார்த்துவிடுங்கள்.