எடை குறைய அரைப்பட்டினி கிடக்க வேண்டாம்

"சாப்பாட்டை ரொம்பக் குறைத்தால் எடையே குறையாது" என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எடை குறையும், ஆனால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். சிக்கலே அங்கேதான். தசை குறைந்தால், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைந்துவிடும். போதாததற்கு, சோர்வில் நம்மையறியாமலே நடமாட்டம் குறையும், பசியும் ஏறும். டயட்டை விட்டதும் இளைத்த எடை திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் அபாயமும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். இப்போது சாப்பிடுவதில் தினமும் சுமார் 500 கலோரி குறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்யுங்கள். முதல் வாரத்தில் மளமளவென்று குறைவதில் பெரும்பகுதி தண்ணீர், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போவதென்றால் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் எதையும் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.