மதுரை வெயிலில் மலிவு ஒயின்

டாஸ்மாக் எலைட் கடையில் ஒயின் வாங்கும்போது பாட்டில் எங்கே இருந்தது என்று பாருங்கள். வெயில் படும் கண்ணாடி ஓரத்தில் நின்றது என்றால், எந்த பிராண்டாக இருந்தாலும் வேண்டாம். வெள்ளை ஒயின் என்றால் லேபிளில் ஆண்டையும் பாருங்கள். விலை குறைந்தது புதுசாக இருந்தால்தான் ருசி. 375 மில்லி அரை பாட்டில் கிடைத்தால் முதலில் அதில் சோதித்துப் பார்க்கலாம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வார்கள். அது 18 டிகிரி இருக்கும் குளிர்நாட்டு அறைங்க, சிம்மக்கல்லில் மே மாதத்து மாடி அறை இல்லை! அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். மூக்கில் ஏறும் சாராய நெடி அடங்கி, பழவாசனை மேலே வரும்.

மட்டன் சுக்காவோடு துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் காரம் இன்னும் எரியும். அதற்கு நாசிக் சுலா கம்பெனியின் செனின் பிளாங்க் மாதிரி லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின்தான் என் கட்சி. நன்றாகக் குளிர்ந்திருந்தால் கறிதோசைக்கும் ஒத்துப்போகும்.

வாசனை பிடிபடவில்லையா? கம்பம் பன்னீர் திராட்சை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அது மஸ்கட் என்ற திராட்சை ரகம்; மஸ்கட் ஒயினிலும் அந்தப் பன்னீர் மணம் வரும்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். திருகுமூடி பாட்டிலாக வாங்கினால் கார்க் பிடுங்கவும் அலைய வேண்டாம்.