ஏற்காட்டுக் காபிக்கு மரபணுத் தொகுப்பு: திரட்டுவதும் தரம் பிரிப்பதும்

இலைத்துரு என்ற பூஞ்சை நோய் பிடித்த காபி இலையில், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய ஆர்என்ஏ வரிசை பார்த்தால், அளவு மாறிய மரபணுக்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். 'நோயெதிர்ப்பு', 'செல்சுவர்' என்று ஒரே வேலையோடு தொடர்புடைய மரபணுக்களைச் சேர்த்து முன்பே கட்டிவைத்த தொகுப்புகளோடு ஒப்பிட்டுத்தான் அதில் பொருள் காண முடியும். தொகுப்பு கோளாறானால் பி-மதிப்பு (முடிவு தற்செயலா என்று காட்டும் எண்) மட்டும் அழகாக வரும்.

கோப்பை ஜிஎம்டி வடிவில் வையுங்கள். ஒரு வரிக்கு ஒரு தொகுப்பு, இடையில் டேப். முதல் கட்டத்தில் பெயர், மூன்றாவதிலிருந்து மரபணு எண்கள். பலரும் வெறுமனே விடும் இரண்டாவது கட்டத்தில் மூலத் தரவுத்தளம், பதிப்பு, இறக்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். எக்செலில் திறக்கவே கூடாது. ஓசிடி1 என்ற மரபணுவை அது அக்டோபர் 1 ஆக்கிவிடும்.

15க்குக் குறைவான, 500க்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ள தொகுப்புகளை ஒதுக்கலாம். சிறியவை ஒன்றிரண்டு மரபணுவால் ஆடும். பெரியவை எதையும் குறிப்பாகச் சொல்லாது.

தரம் பிரிக்கும்போது எண்ணிக்கையை விடுங்கள், சான்றைப் பாருங்கள். எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று குறித்துவைக்கும் ஜீன் ஆன்டாலஜி தரவுத்தளத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் சான்றுக் குறியீடு உண்டு. ஐடிஏ, ஐஎம்பி இரண்டும் ஆய்வகச் சோதனையில் கண்டவை. ஐஈஏ கணினி தானாக ஒட்டியது. காபியில் பெரும்பாலும் இதுதான். தொகுப்பின் மரபணுக்களில் பாதிக்கு மேல் ஏதேனும் ஒரு தாவரத்தில் சோதித்தவை என்றால் 'அ'. மரபுவழி மரம் வரைந்து, ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அராபிடாப்சிஸிலிருந்து கொண்டுவந்தவை 'ஆ'. வெறும் ஐஈஏ என்றால் 'இ'. இந்த வரம்பு நடைமுறைக்காக வைத்தது, கூட்டிக் குறைக்கலாம். 'இ' தொகுப்பை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதக் கூடாது.

அரபிகா காபி இனத்தில் இன்னொரு சிக்கல். அது கனெபோரா, யூஜினியாய்டிஸ் என்ற இரு காபி இனங்கள் கலந்து பிறந்த நான்மடியம் (நான்கு குரோமோசோம் தொகுதி உள்ளது), 44 குரோமோசோம். அராபிடாப்சிஸின் ஒரு மரபணுவுக்கு இங்கே பெரும்பாலும் இரண்டு இணையாவது வரும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒரே சேதி இரட்டிப்பாக எண்ணப்படும். இணைக்கு ஒரு மதிப்பு என்று சுருக்குங்கள், அல்லது இரு பெற்றோர் இனங்களிலிருந்தும் வந்த இரு துணை மரபணுத்தொகைக்கும் தனித்தனிக் கோப்பு வையுங்கள்.

செடி எஸ்.795 என்ற அரபிகா ரகம் என்றால் கூடுதல் கவனம். அதன் துரு எதிர்ப்புக்குக் காரணமான எஸ்எச்3 என்ற மரபணுப் பகுதி லைபெரிகா என்ற வேறொரு காபி இனத்திலிருந்து வந்தது. ஒப்பிட எடுக்கும் மேற்கோள் மரபணுத்தொகை கத்துரா என்ற அரபிகா ரகத்துடையது என்றால் அந்தப் பகுதி அதில் இருக்காது. தேடும் மரபணுவே தொகுப்பில் இல்லாமல் போகும்.

தொகுப்பை எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பின்னணிப் பட்டியலில் இலையில் உண்மையில் வெளிப்படும் மரபணுக்களை மட்டும் வையுங்கள். மொத்தத்தையும் போட்டால் இலைச் சோதனையில் ஒளிச்சேர்க்கை போன்ற இலையின் வழக்கமான வேலைகளே முன்னால் நிற்கக்கூடும்.

இரண்டு தொகுப்புகளின் பொது மரபணுக்களின் எண்ணிக்கையை, இரண்டிலும் சேர்ந்து உள்ள வெவ்வேறு மரபணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து 0.7க்கு மேல் வந்தால், தரம் கூடியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு தரவில், தொகுப்பின் மரபணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று சராசரி ஒட்டுறவைக் கணக்கிட்டு, அதே அளவுள்ள 1000 தற்செயல் தொகுப்புகளோடு ஒப்பிடுங்கள். முதல் 5 சதவீதத்துக்குள் வராதது ஒரு படி இறங்கட்டும்.

'வெப்ப அழுத்தம்', 'காயம்' இரண்டும் உச்சத்தில் நின்றால் தொகுப்பைக் குறை சொல்லுமுன் மாதிரியைச் சந்தேகியுங்கள். திரவ நைட்ரஜன் இல்லாமல் பையில் போட்ட இலை, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வெயிலுக்கு வருவதற்குள் வாடிவிடும். அந்த வாட்டத்தைத்தான் தொகுப்பு சரியாகச் சொல்கிறது.