‘ரத்தம் கம்மி’ என்ற பேச்சும் அதனால் வரும் தவறுகளும்

குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் "ரத்தம் எட்டு பாயிண்ட்தான் இருக்கு" என்பார்கள். முதல் தவறு இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. உடம்பில் ஓடும் ரத்தம் பெரும்பாலும் குறைவதில்லை. வளர்ந்தவருக்குச் சுமார் 5 லிட்டர் இருக்கும். 8 என்பது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு சேர்ந்த சிவப்பணுப் புரதம்) என்ற கணக்கு. ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை.

குழப்பத்துக்குப் பெயரும் காரணம். ரத்தசோகையின் ஆங்கிலப் பெயரான அனீமியா கிரேக்க வழிச் சொல்: ‘அன்’ என்றால் இல்லாமை, ‘ஹைமா’ ரத்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ரத்தமின்மை’. சித்த மருத்துவம் இதைப் பாண்டு என்கிறது, அதாவது வெளிறிய நிறம். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் இந்தப் பெயரே நேர்மையானது. விபத்தில் ரத்தம் கொட்டியவருக்கு உண்மையிலேயே ரத்தம் குறைந்திருக்கும். ஆனால் அணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால், ஆரம்பத்தில் ஹீமோகுளோபின் எண் சரியாகவே காட்டலாம். அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது.

இஸ்கீமியா வேறு. குழாய் அடைபட்டு ஓர் உறுப்புக்கு ரத்தம் போதாமல் போவது அது. லோ பிபியும் வேறுதான். இரண்டுக்கும் இரும்பு மாத்திரை மருந்தல்ல.

"இருக்கிற ரத்தத்தையும் எடுக்கிறாங்களே" என்று பரிசோதனையை மறுப்பவர்கள் உண்டு. எடுப்பது 2, 3 மில்லிதான். சிவப்பணு சிறுத்திருக்கிறதா, பெருத்திருக்கிறதா என்பது அதில் தெரியும். சிறுத்திருந்தால் இரும்புக் குறைவோ, பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவோ இருக்கலாம். பெருத்திருந்தால் பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய வைட்டமின்களின் குறைவைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் மாதக்கணக்கில் இரும்பு விழுங்குவது வீண்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. அந்த நிறம் இரும்பினுடையதல்ல. ஆட்டு ஈரலில் இருக்கும் இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கேழ்வரகிலும் இரும்பு உண்டு, ஆனால் உறிஞ்சுவது குறைவு. களியோடு எலுமிச்சை, நெல்லி சேர்ந்தால் கூடும்.

இரும்பு மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எண் சரியானதும் நிறுத்துவதே அதிகம் நடக்கும் தவறு. உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப, அதன்பின் சுமார் 3 மாதம் தொடர வேண்டும். மலம் கறுத்தால் பயம் வேண்டாம், மாத்திரையால்தான். தார் போலப் பிசுபிசுத்துக் கடும் நாற்றம் அடித்தால் மட்டும் குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.