டாரோ: பொருள் பட்டியலை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்

படச் சீட்டுகளை எடுத்துக் கேள்விக்குப் பதில் வாசிக்கும் டாரோ சீட்டுக்கட்டை வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகக் காரணம் மனப்பாடம். 78 சீட்டு, நேர், தலைகீழ் என்று 156 பொருள். இருபதாவது சீட்டை எட்டும்போது மூன்றாவது மறந்திருக்கும். இந்தப் பாடு தேவையில்லை; சரியான கட்டை வாங்கினால் பாதிப் பொருள் படத்திலேயே இருக்கிறது.

சரியான கட்டு என்றால் ரைடர்-வெயிட்-ஸ்மித். 1909இல் லண்டனில் வந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, ஓவியம் பமேலா கோல்மன் ஸ்மித்துடையது. பழைய மார்செய் வகைக் கட்டில் 'கப்ஸ் ஐந்து' என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே இருக்கும். ஸ்மித்தோ எண் சீட்டுகள் நாற்பதுக்கும் காட்சி வரைந்தார். கற்றுக்கொள்பவருக்கு அந்தக் காட்சிகள்தான் ஆசிரியர். 'பண்டைய எகிப்து ரகசியம்' என்று விற்கும் கட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். எகிப்துக் கதையைப் பரப்பியது 1781இல் கூர் தெ ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நூல்.

ரம்மி ஆடத் தெரிந்தவருக்கு அமைப்பு எளிது. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடுக்குப் பதிலாகக் கப்ஸ் (கோப்பை), பென்டகிள்ஸ் (காசு), வாண்ட்ஸ் (கம்பு), ஸ்வோர்ட்ஸ் (வாள்). ஜாக்கியின் இடத்தில் பேஜ், நைட் என இருவர். ஆகவே ஒரு இனத்துக்கு 14, மொத்தம் 56. இது மைனர் அர்கானா. இதோடு 'முட்டாள்' முதல் 'உலகம்' வரை 22 மேஜர் அர்கானா. கப்ஸ் உணர்ச்சியையும், பென்டகிள்ஸ் பணம், உடல், உழைப்பையும், வாண்ட்ஸ் வேகத்தையும் முனைப்பையும், ஸ்வோர்ட்ஸ் எண்ணம், பேச்சு, மோதலையும் குறிக்கும்.

இப்போது நான்கு ஐந்துகளையும் எடுத்து வரிசையாக வையுங்கள். வாண்ட்ஸில் ஐந்து பேர் கம்பைச் சுழற்றி மோதுகிறார்கள். கப்ஸில் கறுப்புப் போர்வைக்காரர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் இருக்கின்றன. ஸ்வோர்ட்ஸில் ஒருவன் வாள்களைச் சேர்த்துக்கொண்டு இளிக்கிறான், தோற்ற இருவர் விலகிப் போகிறார்கள். பென்டகிள்ஸில் விளக்கெரியும் தேவாலய ஜன்னலுக்குக் கீழே இருவர் பனியில் தள்ளாடிப் போகிறார்கள். நான்குமே குலைவு, எங்கே குலைந்தது என்பதை இனம் சொல்லிவிடுகிறது. எட்டுகளையும் பத்துகளையும் இப்படியே பரப்பிப் பாருங்கள். நாற்பது தனித்தனிப் பொருள் என்ற பயம் அன்றே போய்விடும்.

தினப் பயிற்சிக்குக் காலையில் ஒரே ஒரு சீட்டு போதும். கையேட்டைத் திறக்கும் முன் ஐந்து வரி எழுதுங்கள்: யார், என்ன செய்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், வானம் எப்படி, அவர் கவனிக்காதது எது. எடுத்த சீட்டைக் கட்டில் திரும்பச் சேர்க்காமல் தனியே வைத்தால் 78 நாளில் முழுக் கட்டும் முடியும். தினமும் சேர்த்துக் கலைத்தால் 78 நாள் கழித்தும் சராசரியாக 28, 29 சீட்டுகள் கண்ணில் படாமலே இருக்கும்.

கலைப்பதில் நடக்கும் தவறு யாருக்கும் தெரிவதில்லை. டாரோ சீட்டு பெரியது. ரம்மி சீட்டைப்போல இரு பாதியாக வளைத்துக் கோத்தால் ஓரம் மடங்கும். கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாக இறக்கினாலோ பக்கத்துப் பக்கத்துச் சீட்டுகள் சேர்ந்தே இருக்கும். நேற்று வந்த மூன்றும் இன்றும் வந்தால் அதைச் 'செய்தி' என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகக் கலையாத கட்டு. துணி விரித்து, சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, இரு கையாலும் இரண்டு நிமிடம் துழாவிச் சேருங்கள். இதில் பாதிச் சீட்டு தலைகீழாகும். முதல் மூன்று மாதம் தலைகீழ்ப் பொருளே வேண்டாம், திருப்பி நேராக வையுங்கள். பிறகு அதைச் சேர்க்கும்போது, சீட்டைப் புத்தகப் பக்கம்போலப் பக்கவாட்டில் திறக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் புரட்டினால் நேர் தலைகீழாகிவிடும்.

கேள்விதான் வாசிப்பைத் தூக்குவதும் கவிழ்ப்பதும். 'வேலை கிடைக்குமா?' என்றால் ஆம், இல்லை என்று சீட்டால் சொல்ல முடியாது, வாசிப்பவர் ஊகிப்பார். 'என்னைத் தடுப்பது எது?' என்றால் படம் பேச இடம் கிடைக்கும். நோய், கர்ப்பம், வழக்கு பற்றிக் கேட்டால் சீட்டைத் தொடாமல் மருத்துவரிடமோ வக்கீலிடமோ அனுப்பிவிடுங்கள்.

மூன்று சீட்டு வாசிப்பு ஒன்றைப் பார்ப்போம். கேள்வி: 'இந்த வேலையில் ஏன் தேங்கி நிற்கிறேன்?' இடங்கள்: நிலை, தடை, அடுத்த அடி. இடத்தின் பெயரைச் சீட்டு எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எடுத்த பிறகு பெயர் வைத்தால் நமக்குப் பிடித்த கதைக்கு வளைத்துவிடுவோம். வந்தவை ஸ்வோர்ட்ஸ் எட்டு, பென்டகிள்ஸ் இரண்டு, பென்டகிள்ஸ் எட்டு. முதல் படத்தில் கண்ணும் உடலும் கட்டப்பட்ட பெண். கால் கட்டப்படவில்லை, முன்பக்கம் வாளும் இல்லை. நகர முடியாது என்ற எண்ணம்தான் கட்டு. இரண்டாவதில் ஒருவன் இரண்டு காசுகளை மாற்றி மாற்றி ஆட்டுகிறான், பின்னால் கப்பல்கள் அலையில் தத்தளிக்கின்றன: இரண்டு பொறுப்பைச் சமாளிப்பதிலேயே பொழுது போகிறது. மூன்றாவதில் ஒருவன் உட்கார்ந்து ஒரு காசைச் செதுக்குகிறான். இரண்டு எட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்: கட்டுண்ட கை, வேலை செய்யும் கை. இரண்டு பொறுப்பில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு ஒரே திறமையில் உட்காரச் சொல்கிறது வாசிப்பு. சீட்டு சீட்டாகப் பொருள் ஒப்பித்திருந்தால் இந்தத் தொடர்பு தவறிப்போயிருக்கும்.

மேஜர் சீட்டு வந்தாலே 'விதி' என்று குரலை மாற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்று சீட்டில் குறைந்தது ஒரு மேஜர் வர வாய்ப்பு 64 சதவீதம். மூன்றும் மேஜராக வருவதுதான் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு தடவை. 'மரணம்' சீட்டைப் பார்த்துப் பயப்படுபவரிடம் படத்தையே காட்டுங்கள்: தொலைவில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிகிறது. முடிவும் மாற்றமும்தான் அதன் வழக்கமான பொருள்.

பிடிக்காத சீட்டு வந்ததும் 'இன்னொன்று' எடுப்பதுதான் கற்பவரின் பெரிய கெட்ட பழக்கம். அதே கேள்வியைக் குறைந்தது ஒரு வாரம் தொடாதீர்கள். நோட்டில் தேதி, கேள்வி, சீட்டுகள், அன்றைய வாசிப்பு நான்கையும் எழுதி, ஒரு மாதம் கழித்து வேறு நிற மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். பத்துச் சீட்டுகளை விரித்து வாசிக்கும் செல்டிக் கிராஸ் முறைக்கு, இப்படி முப்பது மூன்று-சீட்டு வாசிப்புகள் நோட்டில் ஏறிய பிறகு போகலாம்.