இழுவைப் படகை ஆயிரங்கால் தூண்டில் படகாக மாற்றுவது எப்படி?

மடி (இழுவலை) இழுத்த விசைப்படகை, நீண்ட தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டிச் சூரை பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில் படகாக மாற்ற வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "லைன் ஹாலர் (கடலில் விட்ட கயிற்றை இழுத்தெடுக்கும் இயந்திரம்) என்ன விலை?" என்றுதான். படகின் எடைக் கணக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொடங்க வேண்டியது அங்கேதான்.

அதற்கும் முன்னால் காகித வேலை. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். தொழில்முறை மாறுவதை மீன்வளத் துறையில் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளில் எப்படியும் படகு கரையேறும். வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இனி கழற்றுங்கள். மடியை இழுக்கும் வின்ச், இரும்புக் கம்பிவடம், மடியின் வாயை விரிக்கும் பலகைகள், அவற்றைத் தொங்கவிடும் சட்டம் என எது இறங்கினாலும் எடைபோட்டு, இருந்த இடத்தையும் உயரத்தையும் நோட்டில் குறியுங்கள். ஏற்றுவதற்கும் அதே நோட்டுதான்.

மீன் அறைக்குப் பஃப் (சூடு புகாமல் தடுக்கும் நுரை) அடிப்பதற்கு முன் ஓடாவியை (படகு கட்டும் தச்சரை) உள்ளே இறக்கி, படகின் விலாக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உளுத்த கட்டையை மூடிவிட்டால் பிறகு கண்ணில் படாது. நம் வெயிலுக்குப் பஃப் 10 செ.மீ. கனம் வேண்டும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வையுங்கள். சூரை சூடேறினால் விலை போய்விடும்.

ஹாலரை வலப்பக்கம், ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) நின்ற இடத்திலிருந்தே பார்க்கும்படி பொருத்துங்கள். தாய்க்கயிற்றிலிருந்து தூண்டிலோடு தொங்கும் கிளைக் கயிறு 15 மீட்டர் என்றால் இரண்டு கிளைகளுக்கு நடுவே 30 மீட்டருக்கு மேல் விடுங்கள், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் 500 தூண்டிலுக்கே 15 கிலோமீட்டர் தாய்க்கயிறு வரும். முனை உள்நோக்கி வளைந்த வளைமுள் தூண்டிலையே வாங்குங்கள், ஆமை விழுங்குவது குறையும்.

என் முதல் வேலையில் ஸ்ராங்கு கேட்டார் என்று தண்ணீர்த் தொட்டியை வீல் ஹவுஸ் கூரையில் ஏற்றினேன். முகத்துவாரம் தாண்டியதும் படகு சாய்ந்த பக்கமே யோசித்து நின்றது. அன்றே திரும்பி வந்து தொட்டியைத் தளத்துக்குக் கீழே இறக்கினேன்.

எனவே கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அலையில்லாத நீரில் கட்டுக்கயிற்றைத் தளர்த்தி, படகை ஆட்டிவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் போய், பழைய இடத்துக்குத் திரும்புவது ஒரு சுற்று. ஐந்து சுற்றுக்கான நேரத்தைப் பார்த்து ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் அகலப் படகுக்கு 5 வினாடி வந்தால் நல்லது. 7 வினாடியைத் தாண்டினால் படகுக்கு மேல்கனம் கூடிவிட்டது என்று பொருள்; மேலே ஏற்றியதில் எதையாவது கீழே இறக்கியாக வேண்டும். ஐஸும் டீசலும் நிறைந்திருக்கும்போது ஒருமுறை, குறைந்திருக்கும்போது ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடும். இரண்டாவது கணக்குதான் பெரும்பாலும் இடிக்கும்.