இன்டர்லூகின்-2 குப்பியைத் திறக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆய்வக வளர்ப்பில் இருக்கும் டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) நான்காம் நாளே சோர்ந்துபோனால் நம் சந்தேகம் முதலில் செல்கள் மேல் போகும். அப்புறம் சீரம், அப்புறம் இன்குபேட்டர். அந்தச் செல்களைப் பெருகவைக்கும் புரதமான இன்டர்லூகின்-2 (ஐஎல்-2) குப்பியைக் கடைசியில்தான் நினைத்துப் பார்க்கிறோம். நான் பார்த்தவரையில் பல நேரம் கோளாறு அங்கேதான், அதுவும் குப்பியைத் திறந்த முதல் பத்து நிமிடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஐஎல்-2 சின்னப் புரதம்: 133 அமினோ அமிலங்கள், சுமார் 15.5 கிலோடால்டன். ஆய்வகத்துக்கு வரும் மறுசேர்க்கை (மரபணுவை வேறு உயிரியில் புகுத்தித் தயாரித்த) மனிதப் புரதம் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரானது. அதனால் உடலில் சுரக்கும் ஐஎல்-2-வில் மூன்றாவது இடத்தில் இருக்கும் சர்க்கரைத் தொடர் இதில் இருக்காது. செயல்பாட்டுக்கு அது பெரிய குறையில்லை. சிக்கல் வேறு இடத்தில். இந்தப் புரதம் தண்ணீரோடு எளிதில் ஒட்டாது, ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகப் பார்க்கும். 58, 105 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் பிணைந்திருப்பது அதன் உயிர்நாடி. 125-இல் இருக்கும் சிஸ்டீன் தனியாக நின்று தவறான ஜோடி சேரும். அமெரிக்காவில் 1992-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற ஆல்டெஸ்லூகின் மருந்தில் அந்தச் சிஸ்டீனை செரினாக மாற்றியது இதற்காகத்தான். உங்கள் குப்பியில் இருப்பது இயல்பான வரிசையா, மாற்றியதா என்று தகவல் தாளில் பார்த்துவிடுங்கள்.

முதல் தவறு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறப்பது. குளிர்ந்த குப்பிக்குள் காற்றின் ஈரம் இறங்கிவிடும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கேட்கவே வேண்டாம். இருபது நிமிடம் மேசையில் வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சிறிது நேரம் சுற்றுங்கள். குப்பியில் உலர்ந்த பொடியாக இருக்கும் 50 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரிகிற அளவே இல்லை. கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்ட மாதிரி ஒரு மங்கல் தெரிந்தால் உண்டு. நான் முதன்முதலில் திறந்தபோது காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது: சுற்றாமல் திறந்ததால் பொடியில் ஒரு பங்கு மூடியின் உட்புறத்திலேயே தங்கிப் போயிருக்கிறது.

கரைக்கும்போது கை பழக்கத்தில் பிபிஎஸ்ஸை (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) எடுத்துவிடாதீர்கள். தயாரிப்பாளரைப் பொறுத்துத் தூய நீர் என்றிருக்கும், 100 மில்லிமோலார் அசிட்டிக் அமிலம் என்றும் இருக்கும். நடுநிலை பிஎச்-சில், உப்புள்ள கரைசலில் இது கட்டி சேரும். ஆல்டெஸ்லூகினின் பயன்பாட்டுக் குறிப்பிலும் உப்புநீரில் கரைக்காதே, குலுக்காதே என்றுதான் இருக்கிறது. திரவத்தைக் குப்பிச் சுவரோரமாக மெல்ல விட்டு, லேசாகச் சுழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். குழாயை வேகமாகக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவி வேண்டவே வேண்டாம். நுரை வந்தால், அந்த நுரையின் மேற்பரப்பில் புரதம் உருக்குலைகிறது என்று அர்த்தம்.

மூலக் கரைசலை மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. அதைவிட நீர்க்கவைத்தால் குழாயின் பிளாஸ்டிக் சுவர் புரதத்தை இழுத்துக்கொள்ளும். நீர்க்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் 0.1 சதவீதம் ஆல்புமின் சேருங்கள். சுவரில் ஒட்டுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் புரதத்தில் சாயமோ பயோட்டினோ ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஆல்புமின் கலக்காததை வாங்குங்கள். இல்லையென்றால் சாயம் முழுக்க ஆல்புமினில்தான் ஏறும். நீர்த்த கரைசலை வடிகட்டியில் விடுவதும் அப்படித்தான், புரதத்தில் ஒரு பங்கு சவ்வோடு போய்விடும்.

அப்புறம் சேமிப்பு. ஒரே குழாயை வாரம் மூன்று முறை உருக்கி உறையவைப்பதைவிட மோசமான பழக்கம் இல்லை. கரைத்த அன்றே சின்னச் சின்ன பங்குகளாகப் பிரித்து, தேதியும் லாட் எண்ணும் எழுதி மைனஸ் 80-இல் வையுங்கள். பனி தானாகக் கரையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், பனியைக் கரைக்க அது அவ்வப்போது சூடாகும்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் அலகில் வருகிறது. ஆய்வுக் கட்டுரை சர்வதேச அலகில் பேசும், குப்பி மைக்ரோகிராமில் பேசும். ஒரு மில்லிகிராமுக்கு 1 கோடி அலகு என்று தாளில் இருந்தால், 50 மைக்ரோகிராம் குப்பியில் 5 லட்சம் அலகு. அதை 500 மைக்ரோலிட்டரில் கரைத்தால் ஒரு மைக்ரோலிட்டரில் 1,000 அலகு. செல்கள் வளரும் திரவமான மீடியம் 10 மில்லிலிட்டரில் மில்லிலிட்டருக்கு 100 அலகு வேண்டுமென்றால் தேவை ஒரே ஒரு மைக்ரோலிட்டர்தான். அதைப் பைப்பெட்டில் நம்பி எடுக்க முடியாது. மீடியத்திலேயே பத்து மடங்கு நீர்க்கவைத்து, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுங்கள். 1980-களின் கட்டுரைகளைப் பின்பற்றுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே வரும் ஒரு சீட்டஸ் அலகு (சீட்டஸ் என்ற நிறுவனத்தின் பழைய அளவு) இன்றைய 6 சர்வதேச அலகுக்குச் சமம்.

100 அலகு என்றிருப்பதை 100 நானோகிராம் என்று படித்தால் இந்தக் குப்பிக் கணக்கில் பத்து மடங்கு கூடிவிடும். செல்கள் சாகாது, நன்றாகவே பெருகும். அதனால் தவறு கண்ணில் படாது. குறைந்த அளவில் முந்திக்கொள்பவை, ஐஎல்-2-வை இறுகப் பிடிக்கும் உயர்பிணைப்பு ஏற்பியைத் தாங்கிய ஒழுங்குபடுத்தும் (எதிர்ப்பை அடக்கிவைக்கும்) டி செல்கள். அளவு ஏறும்போது அவ்வளவு இறுகப் பிடிக்காத இடைநிலை ஏற்பி உள்ள என்கே செல்களும் (இயற்கைக் கொல்லிச் செல்கள்) நினைவு டி செல்களும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் எந்தச் செல்லைப் பற்றிக் கேள்வி கேட்டீர்களோ, பதில் வேறொரு செல்லிடமிருந்து வந்திருக்கும்.